ரேடியோவக் கழட்டி வீச முந்தி ஏஎம்மைப் போட்டுப் பாருங்க

"செட் செத்துப் போச்சு. கழட்டிட்டு ஆண்ட்ராய்ட் ஒண்டு போடுங்க."

பழைய ஜப்பான் கார் வச்சிருக்கிற ஆள் ரேடியோ கேக்குதில்ல எண்டு போனா, அநேகமான கடையில இதுதான் பதில். பியூஸ் பாக்கிறதில்ல. ஏரியலத் தொட்டும் பாக்கிறதில்ல. டாஷ்போட்ட ஒருக்கா எட்டிப் பாத்துட்டு தீர்ப்பு!

எனக்கு இதில வாற கோபம் சின்னக் கோபமில்ல. அதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறன். (தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு வந்து இருந்து வாசிங்க.)

எங்கட கார் ஜப்பான்ல ஓடி, பிறகு ரிகண்டிஷனா இங்க இலங்கைக்கு வந்தது. கம்பனி போட்ட ரேடியோ: கெசட், சீடி, ஏஎம், எஃப்எம். டாஷ்போட்டோட அளவா உக்காந்திருக்கும். இரவில அதுட பச்சை வெளிச்சமும் மீட்டர்ட பச்சை வெளிச்சமும் ஒரே நிறம். அதைக் கழட்டிட்டு பெரிய ஆண்ட்ராய்ட் திரை ஒண்டை மாட்டினா, சுத்திவர இடைவெளி, அதுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம், அந்தச் சட்டம் கிறவல் ரோட்டில கடகடக்கும். கடையாமோட்டைப் பக்கம் உள்ள ரோட்டுகள்ல ஓடுற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அதோட, இப்ப பழைய கார் எண்டது சும்மா பழைய காரில்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க. தனியார் கார் திரும்ப வர வழி விட்டது 2025 பெப்ரவரியில. அந்த அஞ்சு வருஷமும் நாங்க எல்லாரும் இருக்கிறதத் தேய்ச்சுத் துடைச்சு, வெல்ட் அடிச்சு, பெயின்ட் அடிச்சு ஓட்டினோம். இப்ப வாற வாகனத்திட விலையப் பாத்தா இன்னும் பத்து வருஷத்துக்கும் அதே காரைத்தான் ஓட்டப் போறோம். அப்படியிருக்க, ரேடியோவ மட்டும் ஏன் உடனே குப்பையில போடணும்?

சரி, விசயத்துக்கு வாறன்.

ஒரு நாள் பின்னேரம் புத்தளத்தில இருந்து எங்கட மதுரங்குளிக்கு வாறன். பாலாவி தாண்டின உடனே எஃப்எம் போச்சு. மெல்ல மெல்ல மங்கிப் போகல்ல, டப் எண்டு நிண்டு போச்சு. எந்த நம்பர்ல வச்சாலும் ஒரே இரைச்சல். லைட் எரியுது, மணி காட்டுது, சீடி பாடுது. எஃப்எம் மட்டும் இல்ல.

கடையில சொன்ன தீர்ப்பத்தான் மேல எழுதியிருக்கன். (எந்தக் கடை எண்டு கேக்காதீங்க. இவங்க மட்டுமில்ல, நிறையப் பேர் இப்படித்தான்.)

முந்தல் ஊர்ல எனக்குத் தெரிஞ்ச வயரிங் பாஸ் ஒருத்தர் இருக்கார். வயசானவர். அவருக்குக் கோல் எடுத்தன்.

"நானா, எஃப்எம் வருதில்ல."

"ஏஎம் வருதா தம்பி?"

"ஏஎம்மா? அதை இப்ப யார் நானா கேக்கிறாங்க?"

"கேக்கச் சொல்லல்ல. போட்டுப் பாக்கச் சொன்னன்."

இந்த ஒரு கேள்வியிலதான் வேலை பாதி முடிஞ்சது. ஏன் எண்டு சொல்றன்.

ஜப்பான்ல எஃப்எம் இருக்கிறது 76இல இருந்து 90 மெகாஹேட்ஸ் வரைக்கும். உலகத்தில அநேகமான நாடுகள்ல 87.5இல இருந்து 108. அங்க மட்டும் ஏன் இப்படி? 90க்கு மேல 108 வரைக்கும் உள்ள இடத்தில டீவி சனல் ஒண்டு, ரெண்டு, மூண்டு இருந்திச்சு. அதால எஃப்எம்மைக் கீழ வச்சிட்டாங்க. டோக்கியோட பெரிய நிலையங்கள் 80.0, 81.3, 82.5 எண்டு கிடக்கு. பழைய அனலொக் டீவி ஒளிபரப்ப 2011 ஜூலையில அநேகமா எல்லா இடத்திலயும் நிப்பாட்டினாங்க. அதுக்குப் பிறகு, 2014 கடைசியில, 95 வரைக்கும் எஃப்எம்முக்கு இடம் குடுத்தாங்க. எங்கட கையில இருக்கிற கார்களோ அதுக்கெல்லாம் முந்திச் செஞ்சது. 90ஓட நிண்டுடும்.

எங்கட சூரியன் எஃப்எம் 103ஐத் தாண்டித்தான் வாறது. ரேடியோ அந்த நம்பருக்கு ஏறவே ஏறாது.

அப்ப இவ்வளவு நாளும் எப்படிக் கேட்டோம்?

அதுக்குத்தான் ஏரியல் வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில தீப்பெட்டியவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு பெட்டி இருக்கு. எக்ஸ்பாண்டர். கார் இங்க வந்த புதுசில யாரோ மாட்டி, டாஷ்போட்டுக்குள்ள தள்ளிட்டுப் போயிருப்பாங்க. வாங்கின ஆளுக்கு அது இருக்கிறதே தெரியாது. அது செய்யிறது கழித்தல் கணக்கு. பெட்டியில 16 எண்டு போட்டிருந்தா, வாற அலைவரிசையில இருந்து 16ஐக் கழிச்சு ரேடியோவுக்குக் குடுக்கும். 104 வந்தா ரேடியோவுக்கு 88. 95 வந்தா 79.

இந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் கரண்ட் வேணும். கரண்ட் போச்சா, எஃப்எம் போச்சு. ரேடியோ நல்லாத்தான் இருக்கும். அதுக்குக் குடுக்கிறதுக்குத்தான் ஒண்டும் வராது.

ஏஎம்முக்கு இந்தப் பிரச்சினை இல்ல. ஜப்பான்லயும் எங்களுக்கும் மீடியம் வேவ் ஒண்டுதான், ரெண்டு இடத்திலயும் 9 கிலோஹேட்ஸ் இடைவெளிதான். எக்ஸ்பாண்டர் பெரும்பாலும் ஏஎம்ம அப்படியே உள்ள விட்டிடும். அதால ஏஎம் நல்லாக் கேட்டா என்ன அர்த்தம்? ஏரியல் கம்பி சரி, வயர் சரி, அம்ப்ளிஃபயர் சரி, ஸ்பீக்கர் சரி. மிச்சம் ரெண்டே ரெண்டு இடம்தான்: எக்ஸ்பாண்டர், இல்லாட்டி ரேடியோவுக்குள்ள இருக்கிற எஃப்எம் பகுதி.

நானா கேட்டது இதைத்தான்.

ஏஎம்ல எதைப் பிடிக்கிறது எண்டு யோசிக்கிறீங்களா? எங்கட கரையில இருக்கிற ஆக்கள் அந்த யோசனையே படத் தேவையில்ல. புத்தளத்தில ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோட 882 கிலோஹேட்ஸ் இருக்கு, 400 கிலோவாட்! இந்தியாவுக்குக் கேக்கணும் எண்டு 1978இல இருந்து அடிக்கிற அலை. பின்னேரத்துக்குப் பிறகு மதுரங்குளியில அது கேக்கல்லயெண்டா உங்கட ஏரியல்ல ஏதோ கோளாறு. அக்கரையில தூத்துக்குடிட 1053 இருக்கு, 200 கிலோவாட். நடுவில கடல் மட்டும்தான். உப்புத் தண்ணிக்கு மேல மீடியம் வேவ் வழுக்கிக்கொண்டு வரும்.

கொஞ்சம் விலகிப் போறன், மன்னிச்சிடுங்க. இதைச் சொல்லாம இருக்க ஏலாது.

இந்தக் கரை முழுக்க ரேடியோக் கரை. சிலாபத்துக்குத் தெற்கால இரணவிலயில அமெரிக்காக்காரங்க வொய்ஸ் ஒப் அமெரிக்கா நிலையம் கட்டினாங்க. அந்த ஊர் மீனவ சனம் எதிர்த்தும் கட்டினாங்க. 2016இல மூடிட்டுப் போனாங்க. தட்டையான நிலம், ஈரமான உப்பு மண், முன்னால கடல். அலை அனுப்புறதுக்கு இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? எங்கட வாப்பாவுக்கு ரேடியோ எண்டா இலங்கை வானொலிதான், இலங்கை வானொலி எண்டா அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்தான். அந்தக் குரலை ராமேஸ்வரத்திலயும் மதுரையிலயும் இருந்து சனம் கேட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துகொண்டு "ஏஎம்மெல்லாம் இப்ப எதுக்கு" எண்டு சொல்றதக் கேக்க எனக்கு மனசு நோகும். 2022இல பெற்றோல் வரிசையில கிடந்தப்ப, போன்ல சார்ஜும் இல்ல, வீட்டில கரண்டும் இல்ல. செய்தி கேட்டது கார் ரேடியோவில. முன்னுக்கும் பின்னுக்கும் நிண்ட ஆக்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில வந்து நிண்டு கேட்டாங்க.

சரி, திரும்புவோம்.

ஏஎம்ம போட்டன். 882 தெளிவா வந்திச்சு. அப்ப கோளாறு எக்ஸ்பாண்டரிலயா, ரேடியோவுக்குள்ளயா?

இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு. சிகரெட் லைட்டர்ல சொருகுற எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் தெரியும்தானே? போன்ல இருந்து பாட்டை ரேடியோவுக்கு அனுப்புற சாமான். நிறையக் கார்ல கிடக்கும். ரேடியோவப் பரிசோதிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஏரியல் வயரை எக்ஸ்பாண்டர்ல இருந்து கழட்டி, நேரா ரேடியோட பின்னால சொருகுங்க. ட்ரான்ஸ்மிட்டரை 89.0இல வைங்க. ரேடியோவையும் 89.0இல வைங்க. பாட்டுக் கேட்டா ரேடியோட எஃப்எம் பகுதி உயிரோட இருக்கு. கேக்கல்லயெண்டா ஆண்ட்ராய்ட் கடைக்காரர் சொன்னது சரி, நானே ஒத்துக்கொள்றன்.

கேட்டிச்சு! அந்த நேரத்தில எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

இப்ப எக்ஸ்பாண்டரத் திரும்ப மாட்டி, ட்ரான்ஸ்மிட்டரை 104.0இல வச்சு, ரேடியோவ 88.0இல வச்சுப் பாத்தன் (எங்கட பெட்டி 16). இரைச்சல்தான். ஆக, ஆள் அகப்பட்டான்.

இந்த இடத்தில டாஷ்போட் கழட்டுறதப் பத்தி ஒரு வார்த்தை. இருபது வருஷப் பிளாஸ்டிக், காஞ்ச அப்பளம் மாதிரி. குளிர்ல இழுத்தா கிளிப் உடையும். மதுரங்குளி வெயில்ல காரைக் கொஞ்ச நேரம் விட்டு, பிளாஸ்டிக் இளகின பிறகு நிழலுக்குக் கொண்டு வந்து கழட்டுங்க. ஸ்குரூட்ரைவர் முனைக்குத் துணி சுத்துங்க. சட்டம் கையில வந்த உடனே பிடிச்சு இழுக்காதீங்க, ஹசார்ட் சுவிட்ச்சிட வயர் அதோட வரும்.

உள்ள பாத்தா... எக்ஸ்பாண்டர் நல்லாத்தான் இருந்திச்சு. அதுட கரண்ட் வயரை ரேடியோட வயரோட சும்மா முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி விட்டிருந்தாங்க. டேப்பு பிசுபிசு எண்டு கழண்டு, செம்பு பச்சை பூத்திருந்திச்சு. எர்த் வயர் ஒரு ஸ்குருவுக்குக் கீழ. அந்த ஸ்குரு முழுக்கத் துரு. எங்கட காத்தில உப்பு இருக்கு. வாயில பட்டாலே தெரியும். களப்புப் பக்கம் இருந்து வாற காத்து எந்த மூட்டையும் விடாது.

இதில ஒரு முக்கியமான விசயம் இருக்கு. வயரைக் கழட்டி வச்சுட்டு மீட்டர்ல அளந்தா 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருதே, அப்ப பெட்டிதான் பழுது" எண்டு நினைச்சு பெட்டிய மாத்துவாங்க. புதுப் பெட்டியும் வேலை செய்யாது. பிறகு ரேடியோவக் குத்தம் சொல்வாங்க. பூஞ்ச மூட்டு கரண்ட் ஓடாத வரைக்கும் நல்ல பிள்ளை. பெட்டி கரண்ட் இழுக்கத் தொடங்கினாத்தான் வோல்ட் இறங்கும். அதால மாட்டினபடியே, வேலை செய்யிற நிலையிலதான் அளக்கணும். நான் அப்படி அளந்தப்ப பாதியளவுதான் வந்திச்சு.

பழைய மூட்ட வெட்டி எறிஞ்சன். புது வயர், ஈயம் வச்சு ஒட்டு, மேல சுருங்குற டியூப். எர்த்தை நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டிட்டு இறுக்கினன். அவ்வளவுதான். சூரியன் வந்திச்சு. உம்மா வாசல்ல இருந்து "சத்தத்தக் குறைடா" எண்டு கத்துற அளவுக்கு வந்திச்சு.

ஆண்ட்ராய்ட் திரை ஒண்டுக்குக் கேட்ட காசு எங்க, ஒரு முழ வயர் எங்க!

எக்ஸ்பாண்டர் புதுசா வாங்கப் போற ஆக்களுக்கு: கடையில குடுக்கிறத வாங்கிட்டு வராதீங்க, கணக்குப் போடுங்க. 12 பெட்டி எண்டா 88இல இருந்து 102 வரைக்கும்தான் பிடிக்கும். சூரியன் போச்சு. 16 எண்டா 92இல இருந்து 106. 20 எண்டா 96இல இருந்து மேல கடைசி வரைக்கும், ஆனா 96க்குக் கீழ உள்ள நிலையங்கள் இல்ல. நீங்க கேக்கிற நிலையங்கள எழுதி வச்சுட்டுப் போங்க. தமிழ் நிலையங்கள் நிறைய 100க்கு மேல இருக்கிறதால, எங்கட பக்கத்துக்கு 16 அல்லது 20. இன்னொரு சிக்கலும் இருக்கு. 89இல ஒரு நிலையம் பலமா அடிச்சா, அது பெட்டியையும் மீறி உள்ள வரும். 16 பெட்டியில 105இல உள்ள நிலையமும் கழிச்சு 89க்குத்தான் வரும். ரெண்டும் ஒரே இடத்தில சண்டை பிடிக்கும். அது ரேடியோட பிழையில்ல. வேற நம்பர் பெட்டி போட்டா தீரும்.

எஃப்எம் வருது, ஆனா சர்ர் எண்டு ஒரு சத்தம் கூடவே வருதா? முதல்ல லைட்டர்ல சொருகியிருக்கிற போன் சார்ஜரக் கழட்டுங்க. மலிவுச் சார்ஜர் ஒண்டு போதும், எஃப்எம்ம நாசமாக்க. எல்இடி பல்பும் அப்படித்தான். லைட்டைப் போட்டு நூத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.

ஏஎம்மும் இல்ல, எஃப்எம்மும் இல்லையெண்டா ஏரியலப் பாருங்க. கம்பி நுனிக்கும், ரேடியோவுக்குள்ள போற முள்ளிட நடு ஊசிக்கும் மீட்டர வச்சா தொடர்பு காட்டணும். நடு ஊசிக்கும் வெளிச் சுத்துக்கும் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினா ஏரியல் அடியில உப்புத் தண்ணி இறங்கிட்டுது. கழட்டிக் கழுவி, காய வச்சுப் போடலாம். (கண்ணாடியில ஏரியல் உள்ள கார்களுக்கு இந்தக் கணக்கு வேற. அதுக்குள்ள சின்ன அம்ப்ளிஃபயர் இருக்கும், அதுக்கும் கரண்ட் வேணும்.)

ரேடியோ லைட்டே எரியல்ல, மணியும் இல்ல, மேல உள்ள கூரை லைட்டும் இல்லையா? சந்தோசப்படுங்க, அநேகமா பியூஸ். நிறைய டொயோட்டாவில டோம் எண்டு எழுதின ஒரே பியூஸ்தான் இது மூண்டுக்கும்.

ஸ்பீக்கர் சந்தேகமா? பென்டோச் பெட்டரி ஒண்டை எடுத்து, ஸ்பீக்கர் வயர் ரெண்டையும் ஒரு நொடி தொட்டு எடுங்க. டொக் எண்டா உயிர் இருக்கு. சத்தமே இல்லையெண்டா, கதவுக்கும் பொடிக்கும் நடுவில உள்ள ரப்பர் குழாயைப் பாருங்க. கதவு திறந்து மூடித் திறந்து மூடி வயர் உள்ளுக்கே அறுந்திருக்கும். ஒண்டில மட்டும் கவனமா இருங்க: இந்த ரேடியோக்கள்ல அநேகமா ஸ்பீக்கர்ட ரெண்டு வயர்ல ஒண்டுகூட எர்த் இல்ல. ஒண்டு பொடியில உரசினாலும் அம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாத்திக்கொள்ள எல்லா ஸ்பீக்கரையும் நூத்துடும். ஒரு கதவில உள்ள வயருக்காக முழு ரேடியோவையும் வீசின கதை எனக்குத் தெரியும்.

வொலியூம் திருப்பினா கூடிக் குறைஞ்சு பாயுதா? உள்ள அழுக்கு. கொண்டாக்ட் கிளீனர் எண்டு கேட்டு வாங்கி அடிச்சு, இருவது முப்பது தரம் திருப்புங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேணாம். அது ஒட்டி, இன்னும் தூசி பிடிக்கும்.

பெட்டரி கழட்ட முந்தி ஒருக்கா யோசிங்க. டொயோட்டாட ஜப்பான் நெவிகேஷன் செட் சிலதில பெட்டரி போனா ஈஆர்சி எண்டு திரையில எழுதி, கோட் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். ஹொண்டாவிலயும் கோட் கேக்கிறது இருக்கு. சிலவேளை டாஷ்போட் பெட்டிக்குள்ள சின்ன ஸ்டிக்கர்ல அந்த நம்பர் ஒட்டியிருக்கும். கழுவுறன் துடைக்கிறன் எண்டு அதை உரிச்சு எறியாதீங்க.

இவ்வளவும் பாத்து, பிறகும் வேலை செய்யல்லையெண்டா ரேடியோவத் திறக்கலாம். பின்னால ஏரியல் முள்ளு சொருகுற இடத்திலயும், பெரிய சொக்கெட் இருக்கிற இடத்திலயும் ஈயம் வெடிச்சு ஒரு வட்டக் கோடு தெரியும். குலுக்கம் பட்டுப் பட்டு வாற வெடிப்பு. சூடு வச்சு ஒட்டினா பல ரேடியோ எழும்பிடும். அதுவும் சரிவரல்லையெண்டா கொழும்பு பஞ்சிகாவத்தையில கழட்டின ரேடியோ கிடக்கும், அதே மொடல், அதே சொக்கெட். வெட்டாம ஒட்டாம மாட்டலாம். ஆண்ட்ராய்ட் போடுற ஆக்கள் செய்யிற பெரிய பாவம் அந்த ஒரிஜினல் சொக்கெட்ட வெட்டி எறியிறதுதான். பிறகு ஆர் வந்தாலும் எந்த வயர் எது எண்டு தேடியே பாதி நாள் போகும். திரை வேணும் எண்டு ஆசைப்படுற ஆக்களும் தயவு செஞ்சு சொக்கெட்ட வெட்ட விடாதீங்க, அதுக்கேத்த ஹார்னஸ் வாங்கிக் குடுங்க.

எங்கட வீட்டில இப்ப பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு நல்லா வருது. ரேடியோவில நிலையத்திட பேரும் நம்பரும் சொன்ன உடனே 16ஐக் கழிச்சு, பின் சீட்ல இருந்து சொல்லிடுவாங்க.

நான் ஒரு சின்ன டேப் துண்டில "எக்ஸ்பாண்டர் 16, கரண்ட் வயர் சிவப்பு, எர்த் ஹீட்டர் சட்டத்தில" எண்டு எழுதி டாஷ்போட் பெட்டிட மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கன். நாளைக்கு இந்தக் கார் வேற ஆள்ட கைக்குப் போனாலும் அவர் தேடத் தேவையில்ல. உங்கட பெட்டியில என்ன நம்பர் எண்டு ஒருக்காப் பாத்து நீங்களும் எழுதி ஒட்டுங்க. அடுத்தது கெசட் பெல்ட். ரப்பர் உருகிக் கீல் மாதிரி ஒட்டியிருக்கு. அளவான பெல்ட் எங்க கிடைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, வாப்பாட கெசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கு.